துணைக்கு ஒருத்தி

சிநேகிதம் என்பது மனசும் மனசும் ஒட்டித் தானாகப் பூப்பது என்று எழுதுகிறவர்கள் எல்லாரும் அடிக்கடி பஸ் வருகிற ஊரில் பிறந்தவர்களாக இருக்க வேண்டும். எங்கள் ஊர் பரளச்சியிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். அந்தப் பஸ்ஸில் எவள் ஏறுகிறாளோ அவள்தான் சிநேகிதி. பிடித்தால் சந்தோஷம். பிடிக்காவிட்டால் ஜன்னல் வழியாகக் கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

எண்பதுகளின் நடுவில் நான் பன்னிரண்டாவது பாஸ் பண்ணினேன். அருப்புக்கோட்டையில் பொம்பளைப் பிள்ளைகள் காலேஜ் இருந்தது. போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். எங்கய்யா மிளகாய்க் காட்டிலிருந்து வந்து கை காலைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"தொணைக்கு யாரு வாரா?"

இதுதான் எங்கள் பக்கத்துச் சட்டம். ஒற்றைப் பிள்ளையாகப் பஸ் ஏறினால் ஊர் பேசும். இரண்டு பேராக ஏறினால் பேசாது. இரண்டு பேர் போனால் பேசுவதற்கு இரண்டு கதை கிடைக்குமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஆகவே ஊருக்குள் இன்னொரு பெண் காலேஜில் சேர்ந்தால்தான் நானும் சேர முடியும். நல்ல வேளையாக, மளிகைக்கடைக்காரர் மகள் அதே வருஷம் பாஸ் பண்ணியிருந்தாள். அவளுடைய அப்பாவும் அவளிடம் அதே கேள்வியைத்தான் கேட்டிருந்தார்.

இரண்டு அப்பாக்களும் கடை வாசலில் நின்று பேசி முடித்தார்கள். பொண்ணு மாப்பிள்ளை பேசி முடிப்பதுபோலத்தான். எங்கள் இரண்டு பேரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கய்யா என்னிடம் வந்து கண்டிஷனைச் சொன்னார்.

"அந்தப் பிள்ள போறவரைக்கும் நீயும் போ. அவ நின்னா நீயும் நில்லு. அம்புட்டுத்தான்."

நான் நின்றால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். என் தாய்மாமன் கமுதிப் பக்கம் மீசையை முறுக்கிக்கொண்டு தயாராக இருந்தார். அவருக்கு என்மேல் ஆசை ஒன்றும் கிடையாது. ஆடுகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது.

இதில் இன்னொரு கூத்து. எனக்குச் சரித்திரம் படிக்க ஆசை. கடைக்காரர் மகளைப் பி.காமில் சேர்த்தார். வகுப்பு வேறு வேறாக இருந்தால் ஒருத்தி முன்னால் கிளம்பிவிடுவாள், இன்னொருத்தி ஒற்றையாக நிற்பாள் என்று என்னையும் பி.காமில் தள்ளிவிட்டார்கள். முதல் நாள் வகுப்பில் மிஸ் ஒவ்வொருத்தியாக எழுப்பி, இந்தப் பாடத்தை ஏன் எடுத்தாய் என்று கேட்டார்கள். ஒருத்தி பேங்க் ஆபீசர் ஆகணும் என்றாள். ஒருத்தி அப்பாவின் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ளணும் என்றாள். நான் எழுந்து, "இவ எடுத்தா மிஸ்" என்று பக்கத்தில் கையைக் காட்டினேன். வகுப்பே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போதே என்னைப் பிடிக்கவில்லை. எனக்கும் அவளைப் பிடிக்கவில்லை. அவள் சடையில் ஒரு மயிர்கூட விலகாது. பேனாவுக்கு மூடி போட்டு, அந்த மூடியையும் ஒரு தரம் துடைத்து வைப்பாள். இப்படிப்பட்டவர்களோடு மனுஷி எப்படிப் பழகுவது?

காலேஜில் மற்றவர்களுக்கும் பஸ்தான் தரகர். பாலவனத்தம் பஸ் வெள்ளென வந்துவிடும். அதனால் பாலவனத்தத்துக்காரிகள் வேப்பமர நிழலை மொத்தமாக வளைத்துப் போட்டிருந்தார்கள். பந்தல்குடிக்காரிகள் தூத்துக்குடி ரோட்டு லாரிப் புழுதியெல்லாம் தலையில் அப்பிக்கொண்டு, மணி அடித்த பிறகு மூச்சிரைக்க வருவார்கள். அவர்களுக்கு வெயில்தான் கிடைத்தது. டவுன் பிள்ளைகள் நடந்தே வருவார்கள். புழுதி படாத பாவாடை, வாடாத மல்லிகைப்பூ, இங்கிலீஷில் இரண்டு வார்த்தை. இப்படித்தான் செட்டு செட்டாகப் பிரிந்தோம். சாதியும் இருந்தது. இல்லாமல் எங்கே போகும்? ஆனால் அதை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அது பாட்டுக்கு எங்கள் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

ஒருத்தி எந்தச் செட்டு என்று தெரிய வேண்டுமா? மத்தியானச் சாப்பாட்டில் பார்த்தால் போதும். டிபன் பாக்ஸ் மூடியில் குழம்பையோ தொட்டுக்கொள்கிற வெஞ்சனத்தையோ வைத்துச் சுற்றுக்கு விடுவோம். எவள் மூடியில் நீ கை வைக்கிறாயோ அவள் உன் செட்டு. மூடி வந்தும் கை வைக்காமல் தள்ளிவிட்டால் அவள் உனக்கு ஆகாதவள். இதற்கு எழுதி ஒட்டிய விதி எதுவும் கிடையாது. ஆனால் பி.காமில் சொல்லிக்கொடுத்த எந்த விதியைவிடவும் இதை நாங்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்தோம்.

எனக்கு ஒரு பந்தல்குடிக்காரியும் ஒரு பாலவனத்தத்துக்காரியும் கூட்டு. பந்தல்குடிக்காரி வாயாடி. பாலவனத்தத்துக்காரி வாய் திறக்க மாட்டாள், திறந்தால் வில்லங்கம். என் துணைக்காரி இரண்டாம் வருஷம் டவுன் செட்டில் போய்ச் சேர்ந்துகொண்டாள். போகட்டும், எனக்கென்ன? காலையிலும் சாயங்காலமும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்று இருந்தேன்.

ஒரு நாள் அடைமழை. எங்கள் சீமையில் மழை பெய்வதே அபூர்வம். பெய்தது பெய்தது, சரியாகச் சாப்பாட்டு மணிக்குத்தான் பெய்தது. எல்லாச் செட்டும் ஒரே வராந்தாவில் ஒண்டினோம். நான் கருவாட்டுக் குழம்பை மூடியில் வைத்துச் சுற்றுக்கு விட்டேன். நெரிசலில் அது வழி தவறி டவுன் செட்டுக்குள் போய்விட்டது. ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவள் வீட்டில் வஞ்சிர மீன் தின்பார்கள், கருவாடென்றால் மட்டும் குமட்டுமாம்.

"யாருடி இதக் கொண்டாந்தது? இந்த நாத்தம் நாறுது!"

என் துணைக்காரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள். "எங்க ஊர்க்காரிதான். அவுக வீட்டுல தெனமும் இதுதான்."

டவுன் செட்டே கெக்கெக்கே என்று சிரித்தது. எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. எழுந்து நின்றேன்.

"கருவாடுன்னா நாறத்தான்டி செய்யும். அதுக்குப் பேரே கருவாடு. உங்கப்பா கடை மிளகாப்பொடி மாதிரி செங்கல் வாசம் அடிக்காது!"

பந்தல்குடிக்காரி மெதுவாக, "போச்சுடா" என்றாள். துணைக்காரி டிபன் பாக்ஸை மூடினாள். மூடியை ஒரு தரம் துடைத்தாள். எழுந்து போய்விட்டாள். அன்றோடு எங்களுக்குள் பேச்சு அறுந்தது.

பேச்சு அறுந்தது சரி, பஸ் அறுபடவில்லையே! கண்டக்டர் தினமும் கடைக்காரர் வீட்டு வாசலில்தான் பஸ்ஸை நிறுத்தி டீ குடிப்பார். இரண்டு பிள்ளைகளும் தனித்தனியாக உட்கார்ந்து வருகிறார்கள் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து விழுந்தால் போதும், துணை போய்விட்டது என்று இரண்டு பேர் படிப்பையும் நிறுத்திவிடுவார்கள். ஆகவே ஒரே சீட்டில், தோளும் தோளும் இடிக்க உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் போய்க்கொண்டிருந்தோம். கண்டக்டர் டிக்கெட் கிழிக்க வரும்போது மட்டும் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரிப்போம். அவர் முதுகைக் காட்டினதும் சிரிப்பை மடித்து வைத்துவிடுவோம்.

முக்கியமான சேதி இருந்தால் சாடைப் பேச்சுதான். முன் சீட்டில் ஒரு அம்மா கோழியைச் சந்தைக்குக் கொண்டுபோவார். என் துணைக்காரி அந்தக் கோழியிடம் சொல்லுவாள்.

"நாளைக்கி காலேஜு லீவாம் கோழி. விடிஞ்சதும் சிலுப்பிக்கிட்டுக் கெளம்பி வந்துறாத."

நானும் அந்தக் கோழியிடமே பதில் சொல்லுவேன். "எங்களுக்கும் நோட்டீஸ் போர்டு படிக்கத் தெரியும் கோழி. வேலையப் பாக்கச் சொல்லு."

கோழிக்கார அம்மா எங்களை ஏற இறங்கப் பார்ப்பார். படிக்கிற பிள்ளைகளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார், பாவம்.

இப்படியே மூன்றாம் வருஷம் வந்துவிட்டது. ஒரு காலையில் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே என்னிடம் கேட்டார். துணைக்காரி அப்போதுதான் கடை வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"என்ன பாப்பா, ஒங் கூட்டாளியப் பொண்ணு பாக்க வெள்ளிக்கிழமை பந்தல்குடியிலருந்து வாராகளாம்ல? லாரி பார்ட்ஸ் கடையாம். தையிலயே கல்யாணத்த முடிச்சிறணும்னு பேச்சு."

"ஆமாண்ணே, சொன்னா" என்றேன் சிரித்துக்கொண்டே. உள்ளே மாசங்களை எண்ணினேன். பரீட்சை சித்திரையில். தையில் அவள் தாலி கட்டிக்கொண்டு பந்தல்குடிக்குப் போய்விட்டால் நான் அன்றைக்கே வீட்டில் உட்கார வேண்டியதுதான். மூன்று வருஷம் பிடிக்காத பாடத்தைப் படித்து, பிடிக்காதவளோடு பஸ்ஸில் இடிபட்டு, கடைசியில் மாமன் வீட்டு ஆட்டுக்குத் தழை ஒடிக்கவா?

எங்கய்யாவிடம் கெஞ்சிப் பார்த்தேன். "கடைசி நாலு மாசந்தான்யா. நான் ஒத்தையாப் போய்ட்டு வாரேன்."

"அவ நின்னா நீயும் நில்லுன்னு அன்னைக்கே சொல்லிட்டேன்ல" என்று வேட்டியை உதறிக்கொண்டு போய்விட்டார். அவர் பேச்சு மாறாத மனுஷன். அந்தப் பெருமையில் ஊரே அவரைப் பாராட்டும், அனுபவிக்கிறது நாங்கள்.

வெள்ளிக்கிழமை அவள் லீவு, அதனால் எனக்கும் லீவு. மாப்பிள்ளை வீட்டார் வேன் வந்ததையும் போனதையும் வேலிப்படலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். உள்ளே என்ன நடந்ததென்று தெரியவில்லை. கடைக்காரர் கதவை அடைத்துவிட்டார். திங்கள்கிழமை அவள் வழக்கம்போல வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தில் ஒன்றும் எழுதி ஒட்டவில்லை. வாயைத் திறந்து கேட்டுவிடலாமா என்று நாக்கு துடித்தது. முதலில் பேசினவள் தோற்றவள். அந்த வீம்பு என்னை விடவில்லை.

அன்றைக்குச் சாப்பாட்டில் பந்தல்குடிக்காரி சேதி கொண்டுவந்தாள்.

"மாப்பிள்ளையோட அம்மா எங்க தெருதான்டி. புதன்கெழம சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல ஒன்னையப் பாக்கணுமாம். அந்தப் பிள்ளை கூடவே போய் வர்றவ நீதானாமே, விசாரிக்கணுமாம்."

எங்கள் பக்கத்தில் இதுவும் ஒரு வழக்கம்தான். பெண்ணைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள், கூடப் போகிற துணைக்காரியிடம் கண்டிப்பாக விசாரிப்பார்கள். ஆக, கல்யாணம் நடப்பதும் நிற்பதும் இப்போது என் வாயில் இருக்கிறது!

"ரெண்டு வார்த்தை ஏடாகூடமாச் சொல்லி விடேன்" என்றாள் பந்தல்குடிக்காரி.

"சீச்சீ" என்றேன். பெண்பிள்ளை பேர் ஒரு தடவை கெட்டால் கெட்டதுதான். அவளை எனக்குப் பிடிக்காதே தவிர, அந்தப் பாவத்தை நான் செய்ய மாட்டேன்.

அதுவரை தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த பாலவனத்தத்துக்காரி வாயைத் திறந்தாள். "பழிக்க வேணாம். புகழ்ந்தே வெரட்டு. மாப்பிள்ளை பத்தாவது பெயிலு."

அடி ஆத்தீ! அவளுக்குள் இப்படி ஒரு மூளை இருப்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

புதன்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருந்தார். ஆகிருதியான மனுஷி. மடியில் பெரிய பை. என்னைப் பார்த்ததும் பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு கலர் சோடா வாங்கிக் கையில் கொடுத்தார். குடித்துக்கொண்டே ஆரம்பித்தேன்.

"அவளா பெரியம்மா? தங்கம்! தெனமும் பேப்பர் படிப்பா. முதல் பக்கத்துலருந்து கடேசிப் பக்கம் வரைக்கும். இங்கிலீஷ் தண்ணியாப் பேசுவா. யாரு என்ன சொன்னாலும் ஏன், எதுக்குன்னு கேக்காம விட மாட்டா. மேல பி.எட். படிக்கணும், டீச்சர் வேலைக்குப் போகணும், வேலைக்குப் போனா டவுனுல தனியா வீடு பாக்கணும்னு எல்லாம் முடிவு பண்ணி வச்சிருக்கா. அடுப்படிப் பக்கம் போறதுக்கு அவளுக்கு ஏது நேரம்?"

அந்த அம்மா நான் கலரைக் குடித்து முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏத்தா, பேச்செல்லாம் முடிஞ்சதா? அவுக வீட்டுல என்ன நடந்துச்சுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாது பெரியம்மா. நாங்க ரெண்டு பேரும் பேசுறதில்ல" என்று உளறிவிட்டேன்.

"பேசுறதில்லயா?" அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அன்னைக்கி தையில கல்யாணம்னு பேசி முடிக்கிற நேரம். அந்தப் பிள்ளை அடுப்படியிலருந்து எந்திரிச்சு வந்து சபையில நிக்கிறா. மாப்பிள்ளையப் பிடிச்சிருக்கு, ஆனா பரிட்சை முடிஞ்சு வைகாசியிலதான் கல்யாணம்ங்கிறா. ஏன்டி தாயின்னு கேட்டா, நான் நின்னா எங்கூட வாரவளும் நிக்கணும், அவ படிப்புல மண்ணப் போட்டுட்டு என் கழுத்துல தாலி ஏற வேணாங்கிறா. அவுகப்பா கைய ஓங்கிட்டு வந்தாரு. அப்பயும் அசையல. இந்த மாப்பிள்ளை இல்லன்னா போகுதுன்னு நிக்கிறா. யோசிச்சுச் சொல்றோம்னு எந்திரிச்சு வந்துட்டோம்."

கையில் இருந்த காலிப் பாட்டிலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"படிப்ப சாக்கு வச்சு வேற எவனையும் மனசுல நெனச்சிருக்காளோன்னு எனக்கு ஒரு சந்தேகம். அப்படி ஒரு கூட்டாளி நெசமாவே இருக்காளான்னு பாக்கத்தான் வந்தேன். நீ என்னடான்னா பேசுறதே இல்லங்கிற."

ஐயையோ! அவள் சபையில் சொன்னதை நானே பொய்யாக்கிவிட்டேன். அந்த இடத்திலேயே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பஸ் ஸ்டாண்டு என்றும் பார்க்காமல் அழுதேன்.

"அவ சொன்னது சத்தியம் பெரியம்மா. அவ நின்னா எங்கய்யா என்னைய நிப்பாட்டிருவாரு. எந்தச் சாமி முன்னாடி வேணும்னாலும் கற்பூரத்த அணைக்கிறேன். வேற எவனும் கெடையாது. மூணு வருசமா அவ பக்கத்துலயேதான் ஒக்காந்து வாரேன், எனக்குத் தெரியாதா? நான் மொதல்ல சொன்னதுதான் அம்புட்டும் புளுகு. அவ பேப்பரெல்லாம் படிக்க மாட்டா. இங்கிலீஷ்ல எங்க ரெண்டு பேருக்கும் அரியர் இருக்கு. நல்லா ரசம் வைப்பா, ஒரு நாள் அவ மூடியில வாங்கித் தின்னுருக்கேன்."

அந்த அம்மா சிரித்தார் பாருங்கள், வயிறு குலுங்க, பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி. பிறகு முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டார்.

"பேசாத கூட்டாளிக்கே இம்புட்டுச் செய்றவ, கட்டிக்கிட்டவன விட்டுருவாளா? வைகாசியிலயே வச்சுக்கிருவோம், போ."

எங்கள் ஊர் பஸ் புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. ஏறினேன். அவள் பக்கத்துச் சீட்டில் பையை வைத்து எனக்கு இடம் போட்டிருந்தாள். நான் வந்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். உட்கார்ந்தேன். டவுன் எல்லை தாண்டுகிறவரை அழுகையை அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. வீம்பாவது ஒன்றாவது.

"சபையில ஏன்டி அப்படிச் சொன்ன?"

அவள் விசுக்கென்று திரும்பினாள். ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து, கண்டக்டருக்காக இல்லாமல், என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ரொம்பத்தான் உருகாத. எனக்குப் படிக்கணும்னு நான் சொன்னா எங்கப்பா கேப்பாரா? திமிரும்பாரு. அடுத்தவுக வீட்டுப் பிள்ளை படிப்பு கெட்டுரும்னு சொன்னாத்தான் சபையில நாலு பேரு வாய மூடுவாக. எனக்கும் டிகிரி வேணும்டி. மூணு வருசம் ஒம் பக்கத்துல ஒக்காந்து கருவாட்டு வாசத்துல வந்துருக்கேன், சும்மாவா?"

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கோபமும் வந்தது. பஸ் ஸ்டாண்டில் ஊர் பார்க்க மூக்கைச் சிந்தி அழுதது இதற்குத்தானா? ஆனால் அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. எனக்காக நானும் எங்கய்யாவிடம் கேட்டுத்தான் பார்த்தேன், நடந்ததா? தனக்காகக் கேட்கிற பெண்பிள்ளைக்கு எங்கள் ஊரில் எவன் காது கொடுத்தான்? அது தெரிந்தும் மனசு கேட்கவில்லை.

"அப்ப எனக்காகச் சொல்லலையா?" என்றேன்.

அவள் பையைத் திறந்தாள், மூடினாள். கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

"அதுவுந்தான்டி" என்றாள்.